தூங்கும் முட்டையை எழுப்புவது யார்?

பரம்பரைக் குறிப்பைத் தவிர விந்தணு வேறு என்ன கொண்டு வருகிறது?

கோழி வளர்க்கும் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டைக் கோழி முட்டை இடும். அந்த முட்டையை அவித்துத் தின்னலாம். ருசியில் ஒரு குறைவும் இராது. ஆனால் அடை வைத்தால் 21 நாள் அல்ல, 41 நாள் ஆனாலும் குஞ்சு வராது. கூமுட்டைதான் மிஞ்சும்.

அந்த முட்டையில் என்ன குறை? மஞ்சள் கரு இருக்கிறது. வெள்ளைக் கரு இருக்கிறது. குஞ்சுக்கு வேண்டிய தீனி முழுவதும் உள்ளே இருக்கிறது. சேவல் கொடுக்க வேண்டிய ஏதோ ஒன்றுதான் இல்லை.

அந்த "ஏதோ ஒன்று" என்ன?

"தகப்பனுடைய பரம்பரைக் குணம்" என்று பள்ளிக்கூடத்துப் பையன் சொல்லிவிடுவான். மனித உடம்பின் சாதாரண அணுவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து 23. தந்தையிடமிருந்து 23. மூக்கின் வடிவம், கண்ணின் நிறம், உயரம் எல்லாம் அவற்றில் உள்ள டி.என்.ஏ. என்ற குறிப்பில் எழுதி இருக்கின்றன.

பையன் சொன்னது சரியான பதில். ஆனால் பாதிப் பதில்!

தபால்காரர் மட்டும்தானா?

பெண்ணின் முட்டை ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். விந்தணு அப்படி அல்ல. வாலையும் சேர்த்தால் அதன் நீளம் அந்தப் புள்ளியில் பாதிதான். தலை மட்டும் என்றால் இருபதில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய அணு, குறிப்பைக் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகும் தபால்காரர் என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். வீட்டைக் கட்டுவது, அடுப்பை மூட்டுவது, சமைப்பது எல்லாம் முட்டையின் வேலை என்று கருதினார்கள்.

உண்மையில் அந்தத் தபால்காரர் கதவைத் தட்டித் தூங்குகிறவரை எழுப்புகிறார். வீடு கட்டத் தேவையான முக்கியக் கருவி ஒன்றையும் பையில் கொண்டு வருகிறார். இவை இல்லாவிட்டால் குறிப்பு வந்து சேர்ந்தும் பயன் இல்லை.

இது வெறும் விஞ்ஞான விநோதம் அல்ல. உலகில் 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றாவது குழந்தைப் பேறு தாமதமாகும் துன்பத்தை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் அறிவித்தது. அப்படிப்பட்ட வீடுகளில் பழி யார் தலையில் விழுகிறது? "மலடி" என்ற சொல் ஊரில் அடிக்கடி காதில் விழுகிறது. "மலடன்" என்ற சொல்லும் தமிழில் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை!

கால்சட்டை போட்ட தவளை

விந்தணுவை முதன்முதல் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக். தானே தயாரித்த பூதக் கண்ணாடியால் 1677-ம் ஆண்டில் பார்த்தார். வால் உள்ள பூச்சிகள் ஆயிரக்கணக்கில் நீந்தின. லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது மனிதருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "இது பாவ வழியில் கிடைத்தது அல்ல, இல்லற வாழ்க்கையில் கிடைத்தது" என்று விளக்கம் எழுதினார். வெளியிடுவதோ அழித்துவிடுவதோ உங்கள் விருப்பம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஹார்ட்சூக்கர் என்பவர் 1694-ம் ஆண்டில் ஒரு படம் போட்டார். விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! முழுக் குழந்தையையும் தகப்பனே தருகிறான், தாய் வெறும் தொட்டில் என்று சிலர் வாதாடிய காலம் அது.

அடுத்த நூற்றாண்டில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஆண் தவளைகளுக்குப் பட்டுத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டார். பெண் தவளைகள் இட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. கால்சட்டையில் ஒட்டியிருந்த திரவத்தை எடுத்து முட்டைகள் மீது தடவினார். தலைப்பிரட்டைகள் வந்தன! அந்தத் திரவத்தைக் காகிதத்தில் வடிகட்டியும் பார்த்தார். வடிந்த தெளிவால் பயன் இல்லை. காகிதத்தில் தங்கிய வண்டலுக்குத்தான் சக்தி இருந்தது. வண்டலில் இருந்தவை விந்தணுக்கள். ஆனாலும் பாதிரியார் கடைசி வரை அவற்றை வெறும் பூச்சிகள் என்றே நம்பினார். விடையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தவற விட்டார்!

உண்மை தெரிந்தது 1876-ம் ஆண்டில். கடல் முள்ளெலி என்று ஒரு பிராணி உண்டு. உடம்பு முழுவதும் முள். இதன் முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். உள்ளே நடப்பது அனைத்தும் தெரியும். ஜெர்மானிய விஞ்ஞானி ஆஸ்கார் ஹெர்ட்விக் அந்த முட்டைக்குள் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாகக் கலப்பதைப் பார்த்தார். தாய் பாதி, தந்தை பாதி என்பது அன்றுதான் விளங்கத் தொடங்கியது.

உப்புத் தண்ணீரில் பிறந்த குஞ்சுகள்

இந்த நிலையில் 1899-ம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு பரபரப்பான செய்தி வந்தது.

வுட்ஸ் ஹோல் என்பது கடற்கரை ஊர். ஜாக்குவஸ் லோப் என்ற விஞ்ஞானி அங்கே கடல் முள்ளெலியின் முட்டைகளை எடுத்து, மக்னீசிய உப்புக் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறப் போட்டார். பிறகு சாதாரணக் கடல் நீருக்கு மாற்றினார். விந்தணு ஒன்றுகூட அருகில் இல்லை. ஆனாலும் முட்டைகள் இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்தன. நீந்தும் குஞ்சுகளாகவும் மாறின!

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? உயிரையே சோதனைச் சாலையில் உண்டாக்கிவிட்டார் என்று எழுதின. அது மிகை. அவர் உயிரை உண்டாக்கவில்லை. தூங்கிய முட்டையை எழுப்பினார். அவ்வளவுதான்.

ஆனால் அதில் ஒரு பெரிய உண்மை இருந்தது. முட்டைக்குள் எல்லாம் தயாராக இருக்கிறது. தொடங்கு என்ற உத்தரவு மட்டும் வரவில்லை. அந்த உத்தரவு வேறு, பரம்பரைக் குறிப்பு வேறு!

அப்படியானால் உப்புப் போட்டால் போதும், தகப்பனே வேண்டாமா? பாலூட்டும் பிராணிகளிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

இரண்டு முத்திரை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் அசீம் சுரானி என்ற விஞ்ஞானி 1984-ம் ஆண்டில் எலி முட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இவர் கென்யாவில் பிறந்தவர். அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் என்ற இருவரும் அதே ஆண்டில் அதையே செய்தார்கள். தகப்பன் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தாயின் பாதியை வைத்தார்கள். கணக்குக்குக் குறைவு இல்லை. ஆனால் குட்டி பிறக்கவில்லை.

இரண்டு தாய் உள்ள முட்டையில் கரு ஓரளவு வளர்ந்தது. அதைத் தாங்கும் நஞ்சுக்கொடி தேறவில்லை. இரண்டு தகப்பன் உள்ள முட்டையில் நஞ்சுக்கொடித் தசை நன்றாக வளர்ந்தது. கரு தேறவில்லை. எழுத்து ஒன்றுதான். ஆனால் தாய் தன் குறிப்பில் சில இடங்களில் முத்திரை குத்தி அனுப்புகிறாள். தந்தை வேறு இடங்களில் குத்தி அனுப்புகிறான். இரண்டு முத்திரையும் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

இதை நம் வீட்டுப் பாட்டிமார் வேறு பெயரில் அறிவார்கள். "முத்துப்பிள்ளை" என்பார்களே, அதுதான். வயிறு பெரிதாகும். வாந்தி, மயக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் கர்ப்பப் பையில் குழந்தை இராது. திராட்சைக் குலை போல முத்து முத்தாகத் தசை இருக்கும். முழு முத்துப்பிள்ளையில் உள்ள குரோமோசோம்கள் யாவும் தகப்பனுடையவை என்று ஜப்பானியர்களான கஜி, ஓஹாமா இருவரும் 1977-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். தாயின் குறிப்பு இல்லாத முட்டையில் விந்தணு நுழைந்தால் நஞ்சுக்கொடித் தசை மட்டும் தாறுமாறாக வளர்கிறது. இதில் அந்தப் பெண் செய்த தவறு ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரிடம் காட்டி அதை அகற்றிவிட வேண்டும். பிறகும் சில மாதங்கள் இரத்தப் பரிசோதனை அவசியம். மீதி தங்கினால் சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும்.

தகப்பன் முத்திரை இல்லாமல் ஒரு எலி பிறந்ததும் உண்டு. டோக்கியோவில் கோனோ என்ற விஞ்ஞானி, இரண்டு தாய் எலிகளின் குறிப்பை மட்டும் வைத்து 2004-ம் ஆண்டில் ஒரு பெண் எலியை உண்டாக்கினார். மூங்கிலில் பிறந்த சந்திர இளவரசி என்று ஜப்பானியக் கதையில் வரும் ககுயாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரு தாயின் முத்திரையை ஜீன் மாற்றத்தால் தகப்பன் முத்திரை போல் ஆக்கிய பிறகுதான் இது முடிந்தது. அப்படியும் 457 முட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் வளர்ந்து பெரிதானது!

ஊசி முனையில் இரத்தம்

முட்டையை எழுப்பும் கதைக்கு வருவோம். உப்புத் தண்ணீர் செய்த வேலையை விந்தணு எதைக் கொண்டு செய்கிறது?

பிரெஞ்சு விஞ்ஞானி பத்தாய்யோன் 1910-ம் ஆண்டில் தவளை முட்டைகளை மெல்லிய ஊசியால் குத்தினார். குத்திய முட்டைகள் விழித்துக்கொண்டன. ஆனால் பெரும்பாலானவை சரியாகப் பிரியவில்லை. சில மட்டும் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. அந்தச் சிலவற்றில் என்ன விசேஷம்? ஊசி முனையோடு தவளையின் இரத்தத்தில் ஒரு துளியும் உள்ளே போயிருந்தது!

ஆகவே ஒன்றல்ல, இரண்டு தேவை. முதலில் குத்து. அது எழுப்புகிறது. பிறகு ஏதோ ஒரு பொருள். அது பிரிய வைக்கிறது.

அந்தப் பொருள் எது என்று ஜெர்மனியின் தியோடர் போவெரி முன்பே சொல்லியிருந்தார். இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரையில் கடல் முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்தவர் அவர். ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூற்புக் கதிர் போல ஒரு நூல் அமைப்பு தோன்றுகிறது. கதிரின் இரண்டு முனையிலிருந்தும் நூல்கள் குரோமோசோம்களை இரு பக்கமாக இழுக்கின்றன. அந்த முனைகளில் இருக்கும் துணுக்குக்கு சென்ட்ரியோல் என்று பெயர். மையத் துணுக்கு என்று சொல்லலாம். முட்டை முதிரும்போது தன்னிடம் இருந்த மையத் துணுக்கை இழந்துவிடுகிறது. விந்தணுதான் அதைத் தன் கழுத்தில் வைத்துக் கொண்டு வருகிறது.

ஒரே முட்டையில் இரண்டு விந்தணு புகுந்தால் என்ன ஆகும் என்பதையும் போவெரி பார்த்தார். இரண்டு முனைக்குப் பதில் நான்கு முனை. நாலு பக்கமும் இழுபறி. குரோமோசோம்கள் கண்டபடி சிதறின. கரு பிழைக்கவில்லை. தெருக்கூத்தில் ஒரு கட்டியங்காரன் வருவதற்குப் பதில் இருவர் வந்தது போலத்தான்!

மனிதரிடமும் இப்படித்தானா? இதில் வெகு நாள் குழப்பம் இருந்தது. ஆராய்ச்சி எல்லாம் எலியை வைத்து நடந்தது. எலி இதில் விதிவிலக்கான பிராணி. எலியின் விந்தணு மையத் துணுக்கைக் கொண்டு வருவதில்லை. முட்டையே சமாளித்துக்கொள்கிறது. மனித முட்டையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, மையத் துணுக்கு விந்தணுவோடுதான் வருகிறது என்று 1991-ம் ஆண்டில் ஒரு குழு எழுதியது. குழுவின் முதல் பெயர், ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்த ஹென்றி சதானந்தன். அமெரிக்காவில் அவிதோர்-ரைஸ் குழுவினர் 2018-ம் ஆண்டில் இன்னொன்றும் சொன்னார்கள். மனித விந்தணு கொண்டு வருவது ஒரு துணுக்கு அல்ல, இரண்டு. இரண்டாவது உருமாறி இருந்ததால் அதுவரை யாரும் அடையாளம் காணவில்லை.

விந்தணு கொண்டு வரும் மற்றச் சாமான்களும் உண்டு. நீந்துவதற்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா அதன் நடுப்பகுதியில் சுற்றியிருக்கும். முட்டை அவற்றை விருந்தாளியாக ஏற்பதில்லை. அடையாளச் சீட்டு ஒட்டி அழித்துவிடுகிறது. அதனால்தான் நம் உடம்பின் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் தாய் வழி. ஆர்.என்.ஏ. என்ற சிறு துண்டுகளும் வருகின்றன. கொழுப்புத் தீனி தின்ற ஆண் எலியின் விந்தணுவிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து, வேறு முட்டைகளில் செலுத்திப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகளுக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்தது என்று 2016-ம் ஆண்டில் எழுதினார்கள். இது எலிக் கணக்கு. மனிதருக்கும் இப்படித்தான் என்று நிரூபணம் ஆகவில்லை.

சுண்ணாம்பு அலை

முட்டையை எழுப்பும் அந்த முதல் தட்டு எது? பதில் நமக்குப் பழக்கமான பொருளிலேயே இருந்தது. கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து!

இருட்டில் ஒளிவிடும் ஒரு வகை ஜெல்லி மீன் உண்டு. அதன் ஒளிப் பொருள் கால்சியம் பட்டால் மின்னும். அதை எடுத்து மெடாக்கா என்ற சிறு மீனின் முட்டையில் செலுத்தி, அமெரிக்க விஞ்ஞானிகள் பார்த்தார்கள். விந்தணு தொட்ட இடத்தில் ஒளி கிளம்பியது. அலையாகப் பரவி முட்டையின் மறுகோடிக்குப் போய் அடங்கியது. கருத்தரிக்கும் கணத்தைக் கண்ணால் பார்த்தது போல!

மனித முட்டையில் இந்த அலை ஒரு முறையோடு நிற்பதில்லை. நாடி துடிப்பது போல விட்டு விட்டு, பல மணி நேரம் வருகிறது. அலை வந்தால்தான் முட்டையின் மேல் உறை கெட்டியாகி, இரண்டாவது விந்தணுவுக்குக் கதவு அடைபடும். முட்டை பாதியில் நிறுத்தி வைத்திருந்த பிரிவு வேலையும் அப்போதுதான் முடியும்.

அலையை உண்டாக்கும் பொருள் விந்தணுவுக்குள் இருக்கிறது என்பதை கார்ல் ஸ்வான் என்ற ஆங்கிலேயர் 1990-ம் ஆண்டில் காட்டினார். விந்தணுவைப் பிழிந்தெடுத்த சாற்றை முட்டையில் செலுத்தினார். விந்தணு நுழைந்தாற் போலவே அலைகள் வந்தன. ஆனால் சாற்றில் பொருள்கள் ஏராளம். எது என்று தேட வேண்டும். 1996-ம் ஆண்டில் ஒரு புரதத்தைக் கண்டு, ஆசிலின் என்று பெயரும் வைத்தார்கள். அது அல்ல என்று பிறகு தெரிந்தது!

டோனி லாய், கார்ல் ஸ்வான் உள்ளிட்ட குழு, உண்மையான பொருளை 2002-ம் ஆண்டில் அறிவித்தது. பி.எல்.சி. ஸீட்டா என்று பெயர். இது ஒரு வெட்டுக் கத்தி. முட்டைக்குள் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை இது வெட்டுகிறது. வெட்டி விழுந்த துண்டு சாவி போல வேலை செய்கிறது. பைகளில் பூட்டி வைத்த சுண்ணாம்புச் சத்து திறந்து கொட்டுகிறது. அலை கிளம்புகிறது.

ஊசி போட்டும் எழாத முட்டை

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1992-ம் ஆண்டில் ஒரு புதிய வைத்தியம் வந்தது. நீந்த முடியாத விந்தணுவாக இருந்தாலும் ஒன்றே ஒன்றை மெல்லிய கண்ணாடி ஊசியில் எடுத்து, நேராக முட்டைக்குள் வைத்துவிடுவார்கள். இக்ஸி என்று அதற்குப் பெயர். எத்தனையோ குடும்பங்களில் இது விளக்கேற்றியது.

ஆனால் 100 முயற்சிகளில் 1 முதல் 3 வரை ஒரு முட்டைகூடக் கருத்தரிக்காமல் போய்விடும். விந்தணு உள்ளே இருக்கிறது. டி.என்.ஏ. இருக்கிறது. முட்டை எழவில்லை. மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் ஊசிகள் போட்டு, மறுபடியும் அதே கதை. "முட்டை சரியில்லை" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுத பெண்கள் எத்தனை பேரோ!

முட்டை காரணமாக இருப்பதும் உண்டு. வயது ஏற ஏற முட்டையின் வலு குறைவது உண்மைதான். ஆனால் இப்படித் தோற்றுப் போனவர்களில் சிலரிடம் ஸீட்டாதான் குறை என்று ஆராய்ச்சி காட்டியது. சில ஆண்களின் விந்தணுத் தலை நீள்வட்டமாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். அதில் ஸீட்டா இருப்பதில்லை. வேறு சிலருக்கு உருவம் எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஸீட்டாவைச் செய்யும் ஜீனில் பழுது. இதை 2009-ம் ஆண்டில் கண்டார்கள்.

சாதாரண விந்துப் பரிசோதனைச் சீட்டில் எண்ணிக்கை எழுதியிருக்கும். ஓட்டம் எழுதியிருக்கும். உருவம் எழுதியிருக்கும். ஸீட்டாவைப் பற்றி ஒரு வரியும் இராது. "எனக்கு எல்லாம் நார்மல்" என்று கணவன் சீட்டைக் காட்டினால் அது பொய் அல்ல. ஆனால் சீட்டு முழுக் கதையையும் சொல்வதில்லை. சில வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் கணவனின் விந்தணுவை எலி முட்டையில் செலுத்திப் பார்ப்பது உண்டு. எலி முட்டை எழுந்தால் விந்தணுவில் உத்தரவு இருக்கிறது. எழாவிட்டால் அங்கேதான் குறை.

அப்படிப்பட்டவர்களுக்கு மாற்று வழி இருக்கிறது. விந்தணுவைச் செலுத்திய முட்டையை, கால்சியத்தை உள்ளே விடும் மருந்துத் திரவத்தில் சில நிமிடங்கள் வைத்து எடுப்பார்கள். நாடி போலப் பல அலைகள் வராது. ஒரே ஒரு பெரிய அலை வரும். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. குழந்தைகளும் பிறந்திருக்கின்றன. எல்லாருக்கும் இதைச் செய்யக் கூடாது, முன்பு தோல்வி கண்டவர்களுக்கு மட்டும்தான் என்பது டாக்டர்களின் கட்டுப்பாடு. சுண்ணாம்பு அலைக்கு இப்படி ஒரு மாற்று கிடைத்துவிட்டது. மையத் துணுக்கு பழுதானவர்களுக்கு அது போன்ற மருந்து எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. வேறொருவர் தானமாகத் தரும் விந்தணுவைப் பெறுவது பற்றித்தான் டாக்டர்கள் அவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.